இன்னும் வேளை வரவில்லையா?

வேதபாடம்: ஆகாய் 1, 2 அதிகாரங்கள், எஸ்றா 3 முதல் 6 வரை

கிறிஸ்துவுக்குள் பிரியமான ஜெபப் பங்காளர்களுக்கு,

உங்கள் ஜெபங்களாலும் காணிக்கைகளாலும் இந்த மருத்துவமனையின் ஊழியம் தாங்கப்பட்டு வருகிறதற்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறோம்.

வெளிநோயாளர் பிரிவு திறக்கும் முன்பு ஊழியர்களாகிய நாங்கள் சிற்றாலயத்தில் கூடி வேதம் வாசிப்பது உங்களுக்குத் தெரியும். சமீபத்தில் அந்த வேளையில் ஆகாய் தீர்க்கதரிசியின் புத்தகத்தைப் படித்தோம். மொத்தமே 2 அதிகாரங்கள், 38 வசனங்கள். செப்பனியாவுக்கும் சகரியாவுக்கும் நடுவே ஒட்டிக்கொண்டிருக்கும் இந்தச் சிறிய புத்தகத்தைப் பலர் புரட்டிக்கொண்டே கடந்துவிடுகிறோம். ஆனால் பயத்தையும், பயத்தினால் வருகிற ஒத்திப்போடுதலையும் பற்றி வேதத்தில் இதைவிடத் தெளிவாகப் பேசுகிற பகுதி வேறு உண்டா என்று எங்களுக்குச் சந்தேகமே. எங்கள் தோல் நோய்ப் பிரிவில் வாரந்தோறும் காண்கிற ஒரு காரியத்தோடு அது நேராகப் பொருந்தியதால், அதையே இந்த இதழின் பாடமாக எழுதுகிறோம்.

முதலில் வரலாறு. கி.மு. 538-ல் பெர்சிய ராஜாவாகிய கோரேஸ் சிறைப்பட்டுப்போன யூதர்களை எருசலேமுக்குத் திரும்பிப்போக அனுமதித்தான். ஆலயத்தைக் கட்டவும் கட்டளை கொடுத்தான். திரும்பி வந்தவர்கள் முதலில் பலிபீடத்தை எழுப்பி, அடுத்த வருஷத்தில் ஆலயத்திற்கு அஸ்திபாரமும் போட்டார்கள். அன்றைக்கு வாலிபர் சந்தோஷத்தால் ஆர்ப்பரித்தார்கள். பழைய ஆலயத்தைக் கண்ணால் கண்டிருந்த முதியவர்களோ அழுதார்கள். அழுகை எது, ஆர்ப்பரிப்பு எது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் சத்தம் வெகுதூரம் கேட்டது என்று எஸ்றா 3-ஆம் அதிகாரத்தின் முடிவில் வாசிக்கிறோம்.

அதற்குப் பிறகு வேலை நின்றுபோயிற்று. காரணத்தை எஸ்றா 4:4, 5 மறைக்காமல் சொல்லுகிறது. சுற்றியிருந்த ஜனங்கள் கட்டுகிறவர்களைப் பயமுறுத்தி அவர்கள் கைகளைத் தளரப்பண்ணினார்கள். பணம் கொடுத்து ஆலோசனைக்காரரை அமர்த்தி எதிராக வேலை செய்தார்கள். அதாவது, நின்றதற்குக் காரணம் பயம். நியாயமான பயந்தான். ஆள்பலமில்லாத ஒரு சிறு கூட்டம், புதிதாகக் குடியேறிய ஊர், பகைக்கிற அயலார்.

இப்படியே ஏறக்குறைய 16 வருஷங்கள் ஓடின. கி.மு. 520-ல், தரியு ராஜாவின் இரண்டாம் வருஷத்தில், ஆகாய் எழும்பிப் பேசுகிறார். ஜனங்கள் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை அவர் முதலில் எடுத்துக் காட்டுகிறார் (ஆகாய் 1:2). "நாங்கள் பயப்படுகிறோம்" என்று அவர்களில் ஒருவரும் சொல்லவில்லை. ஆலய வேலைக்கு வேளை இன்னும் ஆகவில்லை என்பதே அவர்களுடைய பேச்சு.

இந்த இடத்தில் சற்று நிற்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்ளுகிறோம். பாடம் முழுவதும் இந்த ஒரு வசனத்தில்தான் தொங்குகிறது. அஸ்திபாரம் போட்ட நாளில் பிறந்த குழந்தைக்கு இப்போது 16 வயது. அந்தப் பிள்ளைக்கு, "ஏன் அப்பா அந்தக் கல்லுகளுக்கு நடுவே புல் முளைத்துக் கிடக்கிறது?" என்று கேட்கத் தெரியும். தகப்பன் என்ன பதில் சொல்லுவான்? அயலாருக்குப் பயந்து நிறுத்திவிட்டோம் என்று பிள்ளையிடம் சொல்ல வாய் வராது. "அதற்கு ஒரு வேளை வரவேண்டும்" என்றுதான் சொல்லுவான். பயம் பயமாகவே நெடுநாள் இருப்பதில்லை. சில வருஷங்களில் அது ஒரு நியாயமாக மாறி, பக்தியின் சாயலையும் எடுத்துக்கொள்ளுகிறது. அவர்கள் ஆலயம் வேண்டாமென்று சொல்லவில்லையே! வேண்டும், ஆனால் இப்போது அல்ல என்றார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவர்கள் சோம்பேறிகளல்ல. தங்கள் வீடுகளுக்கு மச்சுப்பாவ அவர்களுக்கு நேரமும் மரமும் கிடைத்திருக்கிறது (1:4). விதைத்தார்கள், அறுத்தார்கள், கூலிக்குப் போனார்கள் (1:6). ஒத்திப்போடுகிறவனைச் சோம்பேறி என்று பிரசங்க பீடத்திலிருந்து கடிந்துகொள்வது நம்மிடையே வழக்கம். எங்கள் அனுபவம் வேறாக இருக்கிறது. மற்ற எல்லா வேலைகளையும் சுறுசுறுப்பாகச் செய்து, பயப்படுகிற அந்த ஒரு வேலைக்கு மட்டும் நேரமில்லாமல் பார்த்துக்கொள்ளுகிறவனே பெரும்பாலும் ஒத்திப்போடுகிறவன்.

எங்கள் தோல் நோய்ப் பிரிவுக்கு வருகிறவர்களில் சிலருக்குத் தொழுநோய் இருப்பது தெரிய வருகிறது. 2005 டிசம்பரில், தேசிய அளவில் தொழுநோய் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீங்கிவிட்டதாக நம் தேசம் அறிவித்தது. அதைக் கேட்ட பலர் நோயே ஒழிந்துவிட்டதென்று எண்ணிக்கொண்டார்கள். அப்படியல்ல, இன்றும் புதிய நோயாளிகள் வருகிறார்கள். அது தோலில் வெளிறின அல்லது சற்றுச் சிவந்த ஒரு படையாக ஆரம்பிக்கிறது. அரிக்காது, வலிக்காது. தேமல் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். நாங்கள் கண்ணை மூடச்சொல்லி, பஞ்சின் நுனியால் மெதுவாகத் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்லுவோம். படையின்மேல் தொடும்போது கை அசையாது. அந்த ஒரு நொடி பரிசோதிக்கிற செவிலியருக்கும் கடினமானதே.

வலி இல்லாததுதான் இந்த நோயின் கேடு. வலிக்கிற பல்லை எவரும் இரண்டு வருஷம் ஒத்திப்போடுவதில்லை. வலிக்காத படைக்கு ஆயிரம் தவணை சொல்லலாம். "கதிர் அறுப்பு முடியட்டும்." "ஆடி கழியட்டும்." "பெண்ணுக்குக் கல்யாணம் ஆகட்டும், அப்புறம் வருகிறோம்." நாங்கள் கேட்கிற வார்த்தைகள் இவை. எருசலேமில் ஆகாய் கேட்டதும் இதுவேதான்.

ஒரு சகோதரியைப் பற்றிச் சொல்லுகிறோம். அவர் ஊரையும் குடும்பத்தையும் பற்றிய விவரங்களை வேண்டுமென்றே விட்டுவிடுகிறோம். சபையில் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் முன்நின்று உழைப்பவர். முதுகில் ஒரு படையும் முழங்கைக்கு மேலே இன்னொன்றும் இருப்பதைக் கண்டு, அது என்னவாக இருக்கும் என்று உள்ளுக்குள் அறிந்திருந்தும், மகளின் கல்யாணம் முடியட்டும் என்று காத்திருந்தார். கல்யாணம் முடிந்தது. அடுத்து மகளின் பிரசவம் வந்தது. அதற்குள் இடது கையின் சுண்டுவிரலும் அடுத்த விரலும் மரத்துப்போய், மெல்ல உள்ளே மடங்கத் தொடங்கின. அடுப்பிலிருந்து சட்டியை இறக்கும்போது விரல் வெந்ததே தெரியாமல், கொப்புளத்தைக் கண்டபிறகுதான் தெரிந்திருக்கிறது. விரல் மரக்கத் தொடங்கி பத்து மாதம் கழித்து எங்களிடம் வந்தார். பதிவேட்டை எடுத்தவுடன் அவர் கேட்ட முதல் கேள்வி, "பேரை எழுதுவீங்களா, சிஸ்டர்?" என்பதுதான்.

அவருடைய பயத்தை அறியாமை என்று தள்ளிவிடாதேயுங்கள். தொழுநோயைக் காரணம் காட்டி விவாகத்தை ரத்துசெய்ய நம் தேசத்துச் சட்டமே இடம் கொடுத்திருந்தது. 2019-ல்தான் அந்த ஏதுவை ஐந்து சட்டங்களிலிருந்து பாராளுமன்றம் நீக்கியது. அந்த ஐந்தில் ஒன்று, கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் வருஷத்து விவாகரத்துச் சட்டம். ஆகவே மகளின் சம்பந்தம் கெட்டுப்போகும் என்று ஒரு தாய் பயந்தால், அந்தப் பயத்தை அவள் தானாகக் கற்பனை செய்துகொள்ளவில்லை.

ஆனாலும் நரம்புக்குக் காத்திருக்கத் தெரியாது. இதைச் சற்று விளக்கமாகச் சொல்ல விரும்புகிறோம், ஏனெனில் இதை வாசிக்கிற ஒருவருக்கு அது உதவலாம். தொழுநோய்க் கிருமியை 1873-ல் நார்வே தேசத்து மருத்துவர் ஹான்சன் கண்டறிந்தார். அது மிக மெதுவாகப் பெருகும். நோய் வெளியே தெரியச் சராசரியாக 5 வருஷமாகும், சிலருக்கு 20 வருஷமும் ஆகும். மனிதரில் மிகப் பெரும்பாலானோருக்கு அதை எதிர்க்கும் சக்தி இயற்கையாகவே உண்டு. 1981-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை கிருமியை அழித்துவிடுகிறது. நோயின் வகைக்கேற்ப 6 மாதமோ 12 மாதமோ மாத்திரை உட்கொண்டால் போதும். மருந்து தொடங்கிய சிறிது காலத்திற்குள் மற்றவர்களுக்குப் பரவும் தன்மை போய்விடுகிறது. அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்து இலவசம். ஆனால் கிருமி செத்தாலும், கெட்டுப்போன நரம்பு தானாகத் திரும்புவதில்லை. உணர்ச்சியோ பலமோ குறையத் தொடங்கி 6 மாதத்திற்குள் வந்தால், பிரெட்னிசலோன் மாத்திரையால் நரம்பைக் காப்பாற்றும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது. அதற்குப்பின் அந்த வாய்ப்பு குறைந்துகொண்டே போகிறது. விரல்கள் குறுகிப்போவதற்கும் கிருமி சதையைத் தின்பது காரணமல்ல. உணர்வில்லாத கையில் திரும்பத் திரும்பப் படுகிற காயமும் சூடும் சீழுமே காரணம். 1946-ல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்டும் அவரோடு உழைத்தவர்களும் இதை நிரூபித்துக் காட்டியதோடு, மடங்கின விரல்களைத் தசைநாண் மாற்று அறுவை சிகிச்சையால் நிமிர்த்தவும் வழி கண்டார்கள்.

ஆகவே இந்தச் சகோதரியின் விஷயத்தில் ஒத்திப்போட்ட பத்து மாதம் வெறும் பத்து மாதம் அல்ல, இரண்டு விரல்கள்.

பயமும் தவணையும் ஒரே வசனத்தில் சந்திக்கிற இடம் ஒன்று அப்போஸ்தலருடைய நடபடிகளில் இருக்கிறது. தேசாதிபதியாகிய பேலிக்ஸ் தன் மனைவி துருசில்லாளோடு வந்து பவுலின் பேச்சைக் கேட்கிறான். நீதி, இச்சையடக்கம், வரப்போகிற நியாயத்தீர்ப்பு என்று பவுல் பேசப்பேச அவன் பயமடைகிறான். உடனே, இப்போது போகலாம், தோதான நேரம் கிடைக்கும்போது கூப்பிடுகிறேன் என்று அனுப்பிவிடுகிறான் (24:25). அவன் பவுலை மறுபடியும் கூப்பிடாமல் இல்லை. அநேகந்தரம் கூப்பிட்டுப் பேசினான், லஞ்சம் கிடைக்குமென்று! ஆனால் அந்தப் பயம் மறுபடி வந்ததாக வேதம் சொல்லவில்லை. இரண்டு வருஷம் சென்று, பவுலைக் காவலிலேயே விட்டுவிட்டு அவன் பதவியிலிருந்து போனான். ஒத்திப்போட ஒத்திப்போடப் பயம் தணிகிறது என்பது உண்மைதான். பேலிக்ஸுக்கும் தணிந்தது. படையிலும் வலி தெரிவதில்லை.

இனி ஆகாய்க்குத் திரும்புவோம். 16 வருஷத் தவணையைக் கர்த்தர் எப்படி உடைத்தார்?

உங்கள் பயம் நீங்கட்டும், பிறகு கட்டலாம் என்று அவர் சொல்லவில்லை. தங்கள் வழிகளைச் சிந்தித்துப் பார்க்கச் சொன்னார். உடனே, மலையின்மேல் ஏறி மரம் கொண்டுவரச் சொன்னார் (1:8). எங்கள் ஜெபவேளையில் இந்த "மரம்" என்ற சொல்லில் வெகுநேரம் தங்கினோம். முன்பு அஸ்திபாரம் போட்ட சமயத்தில் லீபனோனிலிருந்து கேதுரு மரங்களைக் கடல்வழியாக யோப்பாவுக்குக் கொண்டுவர ஏற்பாடு செய்திருந்தார்கள் என்று எஸ்றா 3:7 சொல்லுகிறது. அதற்குப் பணம் வேண்டும், ராஜ உத்தரவு வேண்டும், கப்பல் வேண்டும். இப்போது ஆகாய் கேதுருவைப் பற்றி வாய் திறக்கவேயில்லை. ஒரு மலை, அதில் நிற்கிற மரம், ஒரு கோடரி. காலையில் போய் மாலையில் திரும்பக்கூடிய வேலை.

அதுவும் எப்படிப்பட்ட சமயத்தில்! அவர்களுடைய ஆறாம் மாதம் நம்முடைய ஆவணியை ஒட்டியது. திராட்சையும் அத்தியும் மாதளையும் பறித்துச் சேர்க்கிற காலம். அந்த வருஷம் மழை பொய்த்து விளைச்சலும் மெலிந்திருந்தது (1:10, 11). கையில் ஓய்வும் இல்லை, பையில் பணமும் இல்லை. "அறுப்பு முடியட்டும்" என்று சொல்ல எல்லா ஏதுவும் இருந்த மாதத்தில்தான் வார்த்தை வந்தது.

பின்பு நடந்த காரியங்களின் வரிசையைப் பாருங்கள். 12-ஆம் வசனத்தில் செருபாபேலும், பிரதான ஆசாரியனாகிய யோசுவாவும், ஜனங்களும் கீழ்ப்படிகிறார்கள். அங்கே அவர்கள் கர்த்தருக்குப் பயந்தார்கள் என்று எழுதியிருக்கிறது. அயலாருக்குப் பயந்திருந்த இடத்தில் இப்போது வேறொரு பயம் வந்து உட்கார்ந்திருக்கிறது. 13-ஆம் வசனத்தில், தாம் அவர்களோடு இருப்பதாகக் கர்த்தர் வாக்குக் கொடுக்கிறார். 14-ல் அவர்கள் ஆவியை எழுப்புகிறார். 15-ல் வேலை தொடங்குகிறது. நாமாயிருந்தால் 13-ஐயும் 14-ஐயும் முதலில் வைத்திருப்போம். முதலில் தைரியம் வரட்டும், உற்சாகம் வரட்டும், பிறகு கீழ்ப்படிகிறேன் என்போம். இங்கே மனம் இணங்கின பிறகே தேறுதலின் வார்த்தை வருகிறது. ஆறாம் மாதம் முதலாம் தேதி ஆகாய் பேசினார். 24-ஆம் தேதி வேலை தொடங்கிவிட்டது. 16 வருஷத் தவணை முடிய 23 நாட்கள் போதுமாயிருந்தன.

இங்கே ஒருவர் கேட்கக்கூடும்: கர்த்தருக்குக் காத்திருக்கும்படி வேதம் போதிக்கிறதே, காத்திருத்தலுக்கும் ஒத்திப்போடுதலுக்கும் என்ன வித்தியாசம்? நல்ல கேள்வி. எங்கள் ஜெபக்குழுவிலும் இதை ஒருவர் கேட்டார். நெகேமியாவைப் பாருங்கள். எருசலேமின் நிலையைக் கேள்விப்பட்டது கிஸ்லேவு மாதத்தில். ராஜாவிடம் பேசினது நிசான் மாதத்தில். நடுவே ஏறக்குறைய நாலு மாதம். ஆனால் அந்த நாட்களில் அவர் உபவாசித்து ஜெபித்ததோடு கணக்கும் போட்டிருக்கிறார். எவ்வளவு காலம் வேண்டும் என்று ராஜா கேட்டதும் தவணையைச் சொல்லுகிறார். இன்ன இன்ன அதிபதிகளுக்குக் கடிதம், கோட்டை வாசல்களுக்கு இவ்வளவு மரம் என்று தடையில்லாமல் கேட்கிறார் (நெகேமியா 2:6-8). காத்திருந்த நாலு மாதமும் அவருடைய பேச்சில் தெரிகிறது. எருசலேமின் 16 வருஷத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை. பேசப்போகிற அந்த நிமிஷத்திலும் தாம் மிகவும் பயந்ததாக நெகேமியாவே எழுதியிருக்கிறார் (2:2). விசுவாசியானால் பயமே வராது என்று போதிக்கிறவர்களோடு நாங்கள் உடன்படுகிறதில்லை. பயந்துகொண்டே பேசினவர்களால்தான் எருசலேமின் அலங்கம் எழும்பிற்று.

பயம் திரும்பவும் வரும். ஆகாயின் இரண்டாம் அதிகாரம் ஏழாம் மாதம் 21-ஆம் தேதி தொடங்குகிறது. வேலை ஆரம்பித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் ஜனங்கள் சோர்ந்துபோனார்கள். கி.மு. 586-ல் இடிக்கப்பட்ட பழைய ஆலயத்தைச் சிறுவயதில் கண்டிருந்த முதியவர்கள், இது அதற்கு முன்னே ஒன்றுமில்லை என்று பார்த்தார்கள் (2:3). கர்த்தர் அதை மறுக்கவில்லை. திடன்கொண்டு வேலையை நடத்தும்படியும் பயப்படாதபடியும் சொல்லுகிறார் (2:4, 5).

அதற்குப்பின் உண்மையான சோதனை வந்தது. நதிக்கு அப்புறத்து நாடுகளுக்குத் தேசாதிபதியாகிய தத்னாய் தன் அதிகாரிகளோடு வந்து, உங்களுக்குக் கட்டளை கொடுத்தது யார் என்று விசாரித்தான். அதோடு, கட்டுகிற தலைவர்களின் பேர்களையும் கேட்டான். ராஜாவுக்கு எழுதி அனுப்புவதற்காக (எஸ்றா 5:3, 4, 10). பேரை எழுதுவீர்களா என்று எங்களிடம் கேட்ட அந்தச் சகோதரியின் நடுக்கம் அங்கேயும் இருந்திருக்கும். 16 வருஷமாக எதற்குப் பயந்தார்களோ அது வாசலில் வந்து நின்றது. ஆனால் இம்முறை வேலையை நிறுத்தவில்லை. பேர்கள் ராஜாவுக்குப் போயின.

விசாரணை என்னவாயிற்று? பாபிலோனின் பண்டகசாலைகளில் தேடினார்கள். கடைசியில் மேதிய நாட்டிலுள்ள அக்மேதா பட்டணத்து அரமனையில் ஒரு சுருள் அகப்பட்டது. அதில் கோரேஸின் கட்டளை இருந்தது. கட்டுகிறவர்களை விட்டுவிடும்படியும், அவர்கள் செலவை நதிக்கு அப்புறத்து வரிப்பணத்திலிருந்தே, அதாவது தத்னாயின் கஜானாவிலிருந்தே, கொடுக்கும்படியும் தரியு எழுதினான் (6:1-8). அவர்களைக் காப்பாற்றக்கூடிய பத்திரம் அத்தனை வருஷமும் அங்கேயே இருந்தது. எடுத்துப் பார்க்க ஒரு விசாரணை வரவேண்டியிருந்தது. தரியுவின் ஆறாம் வருஷம், கி.மு. 515-ல், ஆலயம் முடிந்தது. 16 வருஷம் நின்ற வேலை நாலரை வருஷத்தில் நிறைவேறிற்று.

பரிசோதனைக்குப் பயந்து வருஷக்கணக்கில் ஒளித்துவைத்த படையைக் கடைசியில் காண்பிக்கிறவர்களுக்கு, நாங்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட செய்தியைத்தான் சொல்லுகிறோம். வீட்டைவிட்டுப் போகவேண்டாம், தட்டும் பாயும் பிரிக்கவேண்டாம், பிள்ளையைத் தூக்கலாம், மருந்துக்குக் காசில்லை. ஆனால் உண்மையை மறைக்கக்கூடாது: எல்லா விசாரணையும் அக்மேதாவின் சுருளோடு முடிவதில்லை. மார்பில் கட்டியோடு வருகிற சிலருக்கு நாங்கள் நல்ல செய்தி சொல்ல முடியாமற்போகிறது. விசுவாசம் என்பது பரிசோதனை முடிவு சாதகமாக வரும் என்ற நிச்சயமல்ல. ஆகாய் 1:13-ல் கர்த்தர் கொடுத்த வாக்கில் தத்னாயைப் பற்றியோ தரியுவைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. தாம் கூட இருப்பதாக மட்டுமே சொன்னார். அதை நம்பித்தான் மலைக்குப் போனார்கள்.

கூட இருப்பது என்றால் என்ன என்பதற்கு எஸ்றா 5:2-ல் ஒரு சிறிய குறிப்பு உண்டு. தீர்க்கதரிசிகள் வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போய்விடவில்லை. கட்டுகிறவர்களோடிருந்து உதவி செய்தார்கள். ஆகாயும் சகரியாவும் கல் சுமந்தார்களோ, சாந்து குழைத்தார்களோ! கூட இருந்தார்கள்.

அந்தச் சகோதரியைப் பத்து மாதத்துக்குப்பின் எங்களிடம் கொண்டுவந்தது ஒரு பிரசங்கமுமல்ல, சுகாதாரச் சுவரொட்டியுமல்ல. அவர் சபையில் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியையாக இருக்கிற ஒரு அம்மாள் அவர் விரல் மடங்கியிருப்பதைக் கண்டு, என்ன ஏது என்று துருவாமல், "வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸுக்கு நானும் வருகிறேன், சேர்ந்தே போவோம்" என்று நாள் குறித்துச் சொன்னார். வந்தார். மத்தியானம் வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு மாத்திரைப் பட்டையைக் கையில் வாங்கும்போது, முதல் நாள் சிறுநீர் சிவந்து போகும், பயப்படவேண்டாம் என்று செவிலியர் விளக்கினார். அதைக் கேட்டுக் குறித்துக்கொண்டது கூட வந்தவர்தான். நோயாளிக்கு அன்று எதுவும் காதில் விழவில்லை.

பிற்பாடு ஒருநாள் அந்தச் சகோதரி எங்களிடம் மனந்திறந்தார். புருஷனுக்குப் பயந்ததைவிட, மருமகன் வீட்டாருக்குப் பயந்ததைவிட, அவர் அதிகம் பயந்தது சபைக்குத்தான். திருவிருந்தில் தாம் வாய்வைத்த பாத்திரத்தில் அடுத்தவர் வாய்வைக்கத் தயங்குவார்களோ, ஆராதனையில் தம்மோடு பாயில் உட்கார்ந்திருப்பவர்கள் கொஞ்சம் தள்ளி உட்காருவார்களோ என்ற பயம். பங்காளர்களே, இதை நாங்கள் குற்றஞ்சாட்டுவதற்காக எழுதவில்லை. ஆனால் எருசலேமில் ஜனங்களின் கைகளைத் தளரப்பண்ணினவர்கள் அயலார். இங்கே யார் என்று கேட்டுப் பார்க்கவேண்டியிருக்கிறது. ஒரு நோயாளி வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் நடுவேயுள்ள தூரத்தைக் கடக்க வருஷக்கணக்காகிறது என்றால், அந்தத் தூரத்தில் ஒரு பகுதியை அளந்துவைத்தது நம்முடைய பார்வையும் பேச்சுமே. "குஷ்டம்" என்ற சொல்லைப் பிரசங்கத்தில் பாவத்துக்கு உவமையாக நாம் கூசாமல் எடுத்தாளுகிறோம். அந்த வேளையில் பின்வரிசையில் முதுகில் ஒரு படையோடு யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது.

அவர் 12 மாத மருந்தை ஒரு மாதமும் தவறாமல் முடித்துவிட்டார். கையில் உணர்ச்சி ஓரளவே திரும்பியது. மடங்கின இரு விரல்களை நிமிர்த்துவதற்கான அறுவை சிகிச்சைக்கு இப்போது பயிற்சியாளரிடம் கைப்பயிற்சி செய்துவருகிறார். அடுப்பருகே தடித்த துணியைக் கையில் சுற்றிக்கொள்ளவும், இரவில் படுக்குமுன் கையை விளக்கொளியில் காயத்துக்காகப் பார்த்துக்கொள்ளவும் பழகிவிட்டார். திருவிருந்தில் பாத்திரம் அவரைத் தாண்டிப் போகும்போது ஓய்வுநாள் பள்ளி அம்மாள் அவருக்கு அடுத்தாற்போல் நிற்கிறார் என்று கேள்விப்பட்டோம்.

இந்தப் பாடத்தைக் குடும்ப ஜெபத்திலோ சபைக் குழுவிலோ படிக்க விரும்புகிறவர்கள், ஆகாய் இரண்டு அதிகாரங்களையும் ஒரே அமர்வில் வாசியுங்கள். கால்மணி நேரம் போதும். பிறகு இவற்றைப் பேசலாம். "இன்னும் வேளை வரவில்லை" என்று நம் வீட்டில் எதைக் குறித்துச் சொல்லிவருகிறோம்? இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்வதா, உடன்பிறந்தவரோடு ஒப்புரவாவதா, உயில் எழுதுவதா, ஒரு வாலிபப் பிள்ளையின் ஊழிய அழைப்பா? அந்த வார்த்தைக்குக் கீழே இருக்கிற பயத்துக்குப் பெயர் என்ன? அதில் "மலைக்குப் போய் மரம் வெட்டுவது" எந்த வேலை? இந்த வாரத்தில் எந்த நாள்? யார் கூட வருவார்கள்?

வயதான பங்காளர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதுகில் உள்ள படையை எவரும் தானாகக் காணமுடியாது. குளிக்கும்போது கணவனோ மனைவியோ மகளோ ஒருமுறை பார்த்துச் சொல்லட்டும். நிறம் மங்கி உணர்ச்சி குறைந்த இடம் இருந்தால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ இங்கேயோ காண்பியுங்கள். தோல் நோய்ப் பிரிவில் பேரை எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பதிவேடு மேஜையைவிட்டு வெளியே போகாது.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
மருத்துவமனை ஊழியர் ஜெபக்குழு